சித்தப்பா கேட்ட பேச்சு

எனக்கு ஒன்பது வயதானபோது, தலையில் ஒரு கொப்புளமும் இல்லாமலே சூட்டுக் கொப்புளத்துக்கு வைத்தியம் நடந்தது. வைத்தியத்தை முடிவு செய்தவள் சித்தி. சித்தப்பாவிடம் அவள் சொல்லும்போதுதான், எனக்கு அப்படி ஒரு நோய் இருப்பதே எனக்குத் தெரிய வந்தது.

"பிள்ளைக்கு ஒடம்பு ரொம்பச் சூடு. தலையெல்லாம் கொப்புளமா இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் ஐந்தருவியில குளிக்க வச்சிக் கூட்டிட்டு வந்துருதேன்."

சித்தப்பா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே "ம்" என்றார். நான் தலையைத் தடவிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்குதான் கையில் ஒட்டியது. சித்தி என்னைப் பார்த்த பார்வையில், வாயைத் திறக்காதே என்று எழுதியிருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. தென்காசியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லாததால் நான் இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். வீட்டுப்பாடம் எழுத அதைவிட நல்ல இடம் கிடையாது. எங்கள் வீட்டில் அம்மாவின் தையல் மெஷின் ஓயாது. அங்கே கடிகாரத்தின் முள் நகர்வதுகூடக் கேட்கும்.

சித்தப்பா ரத வீதியில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். குற்றாலச் சீசன் வந்தால் சித்திக்கு மங்குஸ்தான் வாங்கி வருவார். ஆனால் கல்யாணமான புதிதில் ஒரு சம்பவம் நடந்தது. அதை அம்மா எப்போது சொன்னாலும் துக்க வீட்டுச் செய்தி போலத்தான் சொல்லுவாள். சித்தி திருநெல்வேலியில் எம்.ஏ. தமிழ் படித்தவள். கல்லூரியில் பேச்சுப் போட்டி என்றால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் பேசுவார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட விழாவில் பேசினாள். மறுநாள் கடைக்கு வந்த யாரோ, "அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மா மைக்கைப் பிடிச்சா விட மாட்டாங்க போலயே, வீட்டுல நீங்க பாவம்" என்று சிரித்துவிட்டார். மத்தியானம் சாப்பிட வந்த சித்தப்பா, "இனிமே மேடையெல்லாம் வேண்டாம்" என்றார். சித்தி "சரி" என்றாள். அவ்வளவுதான் சம்பவம். சித்தி பரிசாக வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சாக்குக்குள் கிடந்தன.

அந்தச் சனிக்கிழமை மினி பஸ் மேலகரம் தாண்டிய பிறகுதான் சித்தி விஷயத்தைச் சொன்னாள்.

"ஏட்டி, நாம மொதல்ல அருவிக்குப் போகல. ஒரு பட்டிமன்றத்துக்குப் போறோம். சித்தி பேசப் போறேன்."

குற்றாலத்தில் ஏதோ ஒரு மன்றத்தின் ஆண்டு விழா. சிவகிரியிலிருந்து வரவேண்டிய பேச்சாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஏற்பாடு செய்தவர்களில் ஒருத்தி சித்தியோடு கல்லூரியில் படித்தவள், செங்கோட்டையில் டீச்சர். அவள் போனில் கெஞ்சியிருக்கிறாள். சித்தி இரண்டு நாள் முடியாது என்று சொல்லி, மூன்றாம் நாள் என் தலையில் கொப்புளத்தை உண்டாக்கிவிட்டாள்.

"சித்தப்பாட்ட பொய் சொல்லுதது தப்புல்லா சித்தி?"

"தப்புதான். பேசி முடிச்சதும் நெசமாவே அருவியில போய்க் குளிச்சிருவோம். அப்ப பாதிப் பொய்தான?"

கணக்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. சித்தி கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து உதடு அசையப் படித்துக்கொண்டே வந்தாள். தலைப்பைக் கேட்டேன். இல்லறம் சிறப்பது, மனைவி கணவன் சொல்லைக் கேட்பதாலா, கணவனுக்கு எடுத்துச் சொல்வதாலா என்பது தலைப்பு.

"நீங்க எந்தக் கட்சி?"

"கேக்குத கட்சி. அதுலதான் எடம் காலியா இருந்துச்சு."

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. எடுத்துச் சொல்லும் கட்சியில் பேசினால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். கேட்கிற கட்சியில் பேசினால் அவருக்குத் தெரிந்தாலும் சந்தோஷம்தானே படுவார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மண்டபம் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இருந்தது. இறங்கும்போது சாரலாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் மழையாக வலுத்தது. குளிக்க வந்தவர்களும் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்துவிட்டதால் கூட்டம் நிறைந்துவிட்டது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிறைய ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேரும் பின்னால் இருந்து பார்க்கச் சித்தப்பா மாதிரியே இருந்தார்கள். செங்கோட்டை டீச்சர் சித்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா, வந்துட்டியா" என்று இரண்டு தரம் கேட்டாள். என்னை முன்வரிசையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சித்தி தன் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு மேடை ஏறினாள். ஏறும்போது புடவைக் கொசுவத்தை இரண்டு தரம் சரிசெய்தாள். எனக்கு அழுகை வரும் போல இருந்தது.

நடுவர் பேசினார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பேசினார். கூட்டம் சிரித்தது. அடுத்ததாகச் சித்தியை அழைத்தார்கள். அவள் மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த அந்த நேரத்தில் என் மடியில் கைப்பை அதிர்ந்தது. உள்ளே போன் ஒலித்தது.

பட்டன் போனின் சிறிய திரையில் சித்தப்பாவின் பெயர் இருந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. சித்தப்பா கடையிலிருந்து போன் செய்கிற வழக்கமே கிடையாது. மூன்றாவது தடவை அடித்தபோது பக்கத்து நாற்காலி அம்மாள் என்னை முறைத்தாள். எடுத்துவிட்டேன்.

"ஏட்டி, சித்தி எங்க?"

"குளிச்சிட்டு இருக்காங்க சித்தப்பா."

"எங்கன?"

"ஐந்தருவியில."

 சித்தப்பா மெதுவாகச் சொன்னார்.

"ஐந்தருவியில வெள்ளம் வந்துட்டு, ஒருத்தரையும் எறங்க விடலைன்னு இப்பத்தான் கடையில ஒரு ஆளு சொல்லிட்டுப் போறான். அதுக்குத்தான் பதறிப்போய்ப் போன் போட்டேன்."

 அதே நொடியில் என் காதருகே இருந்த பெட்டி முழங்கியது.

"நடுவர் அவர்களே!"

அது சித்தியின் குரல் என்று எனக்கே முதலில் தெரியவில்லை. வீட்டில் நான் கேட்ட குரல் இல்லை அது. மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போய்த் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

"அது யாரு பேசுதா?" என்று கேட்டார் சித்தப்பா.

"தெரியல சித்தப்பா."

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அத்தனை பெரிய பொய்யை அத்தனை சின்னக் குரலில் சொன்னதில்லை.

"போனை வைக்காத. அப்படியே பிடி."

"எதுக்கு சித்தப்பா?"

"பிடின்னா பிடி."

நான் போனைப் பெட்டியின் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

சித்தி பழைய காலத்திலிருந்து தொடங்கினாள். புருஷன் காட்டுக்குப் போகிறான் என்றதும் ஏன் என்று கேட்காமல் பின்னால் நடந்தவள், செத்துப்போன புருஷனுக்காக எமனோடு மல்லுக்கு நின்றவள் என்று வரிசையாகச் சொன்னாள். கோயில் கல்வெட்டுகளைப் பற்றிச் சொன்னாள். விளக்குக்கு நெய் கொடுத்தது ராணி. ஆனாலும் இன்னாருடைய தேவி என்று ராஜாவின் பேர்தான் முன்னால் நிற்கும் என்றாள். பிறகு இன்னும் பின்னால் போனாள்.

"பழந்தமிழ்ப் பாட்டிலே புருசன் வருவான் வருவான்னு மழையைப் பாத்துக்கிட்டே காத்திருந்தாளே ஒருத்தி, அவ பேரு என்ன? யாருக்காவது தெரியுமா? தலைவி. அவ்வளவுதான். பேர்கூட வேண்டாம்னு அடங்கியிருந்தா பாருங்க, எங்க கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேணுமா?"

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. என் கை வலிக்க ஆரம்பித்திருந்தது. போனை இன்னொரு கைக்கு மாற்றும்போது ஒரு நிமிடம் காதில் வைத்துப் பார்த்தேன்.  கடையில் பெயிண்ட் கலக்கும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

"அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? நம்ம தென்காசியிலயே எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க" என்றாள் சித்தி. "கல்யாணம் ஆன புதுசுல அவங்க வீட்டுக்காரர் ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. ஊர் கேக்கப் பேசாதன்னு. அந்த அம்மா என்ன செஞ்சாங்க? வீடு கேக்கப் பேசுததையும் சேத்து நிறுத்திட்டாங்க. அவர் கேட்டது ஒரு பங்கு, இவங்க குடுத்தது ரெண்டு பங்கு!"

சிரிப்பு.

"ஏழு வருசமா அந்த வீட்டுல மூணே வார்த்தையிலதான் குடும்பம் நடக்குது. சரி. ஆகட்டும். சாப்பிடுங்க. சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. அக்கம்பக்கத்துல எல்லாரும், என்ன ஒத்துமையான ஜோடின்னு மெச்சிக்கிடுதாங்க."

இதற்கும் சிரித்தார்கள். ஆனால் சித்தி சிரிக்கவில்லை. கையில் வைத்திருந்த தாளை அவள் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"அந்த வீட்டுக்காரர் நல்ல மனுசன். அவர் மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. தட்டுல சோறு இருக்கு, கொடியில துணி இருக்கு. பொண்டாட்டி இருக்காளான்னு மட்டும் அவர் நிமிந்து பாத்தாத்தான் தெரியும். அந்த அம்மா சில நாள் அடுப்படியில நின்னு, நம்ம குரல் இன்னும் இருக்கான்னு கொழாயத் தொறந்து விட்டுட்டுத் தனியாப் பேசிப் பாப்பாங்களாம். நடுவர் அவர்களே, இதைவிட அடக்கம் எந்தக் காலத்துல இருந்துச்சு? தீர்ப்பை நீங்களே சொல்லுங்க."

இந்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பின்வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள், அதற்குப் பிறகு எல்லோரும் தட்டினார்கள். நடுவர் மைக்கைப் பிடித்து, "இந்தம்மா எந்தக் கட்சிக்குப் பேசினாங்கன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார்.

நான் போனைக் காதில் வைத்தேன்.

"முடிஞ்சிட்டா?" என்று கேட்டார் சித்தப்பா. சளி பிடித்தவர் மாதிரி இருந்தது குரல்.

"முடிஞ்சிட்டு. நல்லாப் பேசினாங்க சித்தப்பா. புருசன் சொல்லுதத கேக்கணும்னு பேசினாங்க."

"ம். கேட்டேன்." கடையில் மெஷினை மறுபடி ஓடவிடும் சத்தம் கேட்டது. "நான் போன் போட்டதச் சித்திட்ட சொல்லாத. மழையில நனையாம வாங்க."

போனில் பாம்பு விளையாட்டு விளையாடிப் பழகியதால் அழைப்புப் பட்டியலில் இருந்து பெயரை அழிக்கவும் எனக்குத் தெரியும். அழித்தேன். ஒரே மத்தியானத்தில் சித்தியின் ரகசியம் ஒன்றும் சித்தப்பாவின் ரகசியம் ஒன்றும் என்னிடம் சேர்ந்துவிட்டன. இரண்டில் எது முதலில் வாயில் வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தீர்ப்புக்குக் காத்திருக்காமல் கிளம்பினோம். அருவிக்குப் போகும் வழியில் கயிறு கட்டிப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். தண்ணீரின் இரைச்சல் அங்கேயே காதை அடைத்தது. சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. குளிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. சிப்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. கடைக்காரரிடம் வாளி கேட்டு வாங்கி, என் தலையில் ஊற்றினாள். இன்னொரு வாளியைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

"தடை போடுததுக்கு முன்னாடியே குளிச்சிட்டோம்னு சொல்லணும், சரியா?"

எனக்குப் பல் கிட்டியது. வேண்டாம் சித்தி, அவருக்கு எல்லாம் தெரியும் என்று தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லாதே என்று சித்தப்பா சொல்லியிருந்தார். சொன்னதைக் கேட்க வேண்டும் என்றுதானே சித்தியின் கட்சியும் பேசியது. தலையை ஆட்டினேன். தண்ணீர் தெறித்தது.

வீட்டு வாசலில் சித்தப்பாவின் செருப்பு கிடந்தது. எப்போதும் ஒன்பது மணிக்கு வருகிறவர் அன்று ஆறரைக்கே வந்திருந்தார். சித்தி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் குத்தியது. உள்ளே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டி.வி. போடவில்லை. எங்கள் இரண்டு பேரின் ஈரத்தலையையும் பார்த்தார். இப்போது வெடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தண்ணி நல்லா விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றாள் சித்தி.

அவர் எழுந்து போய் இரண்டு துண்டு எடுத்து வந்தார். ஒன்றை என்னிடமும், ஒன்றைச் சித்தியிடமும் நீட்டினார். சித்தி அதை வாங்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாங்கினாள்.

அன்று வெடிக்காதது என்றைக்கு வெடிக்குமோ என்பதே அடுத்த இரண்டு மாதமும் எனக்குக் கவலை. சித்தப்பா பேச ஆரம்பித்தார். அதுதான் என் பயத்தைக் கூட்டியது. மத்தியானம் சாப்பிட வந்தால், கடைக்கு வந்தவன் ஒருவன் கத்தரிப்பூ நிறம் கேட்டு ரோஸ் வாங்கிப் போன கதையைச் சொல்லுவார். பாவம், அவருக்குக் கதை சொல்ல வராது. பாதியில் நின்றுவிடும். சித்தி "சரி" என்பாள். "என்ன சரி? அவன் செஞ்சது சரியா?" என்று கேட்பார். சித்தி, "சாப்பிடுங்க" என்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறுநாள் வேறொரு கதையோடு வருவார். போலீஸ்காரர்கள் இப்படித்தான் அதையும் இதையும் பேசி உண்மையை வாங்குவார்கள் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் வீட்டுப்பாட நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒருநாள் நான் மட்டும் இருக்கும்போது, "அன்னைக்குக் கூட்டத்துல சித்தி பேசி முடிக்குத இடத்துல எல்லாரும் சும்மாதான இருந்தாங்க? யாரும் சிரிக்கலல்லா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் என் பங்குக்கு, மூன்று வார்த்தைகளில் குடும்பம் நடத்தும் அந்த அம்மாள் யாராக இருக்கும் என்று எங்கள் தெருவில் வீடு வீடாக யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் பொருந்தவில்லை.

தீபாவளிக்கு முன்பு ஒரு நாள் சித்தி வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். சித்தப்பா ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தைக் காட்டினார்.

"அங்கன வேண்டாம். அடுப்படியில வைங்க" என்றாள் சித்தி.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "ஹால்ல வச்சாத்தான பாக்க நல்லா இருக்கும்?"

"பாக்கதுக்கா வாங்கினீங்க? பால் எங்கன காயுது, ஹால்லயா? ஒரு நாளைக்கு அம்பது தடவை நான் நடக்கணும், நீங்க உக்காந்து பாப்பீங்க."

"அடுப்படியில எடம் எங்க இருக்கு?"

"எடம் இருக்கு. அந்த அடுப்படிய நீங்க எப்பப் பாத்தீங்க? ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது!"

குரல் ஏறிவிட்டது. மண்டபத்தில் கேட்ட அதே குரல். தெருவில் போன ஒருவர் நின்று ஜன்னலைப் பார்த்தார். "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று சித்தப்பாவும் கத்தினார். "என்ன தெரியும்? சொல்லுங்க பாப்போம்!" என்றாள் சித்தி. ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆள், "அக்கா, கை வலிக்கு, எங்கயாவது வச்சிருதோம்" என்றார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

நான் ஓடினேன். கடைசியில் வெடித்துவிட்டது. எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டார். அடுத்து நான் போனைப் பிடித்துக் கேட்க வைத்ததும் வெளியே வரும், சித்தியைப் பெட்டியோடு அனுப்பிவிடுவார். இரண்டு தெருவையும் அழுதுகொண்டே தாண்டி வீட்டுக்குள் விழுந்தேன்.

"அம்மா, அங்க பெரிய சண்டை. சீக்கிரம் வந்து விலக்கி விடும்மா!"

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். "யாரு, சித்தப்பாவா சத்தம் போடுதாரு?"

"சித்திதான். சித்திதான் ரொம்பச் சத்தம் போடுதாங்க. தெருவே நின்னு பாக்குது."

அம்மா எழுந்திருக்கவில்லை. என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "என்ன சொன்னா? ஒரு வார்த்தை விடாமச் சொல்லு" என்றாள். நான் விக்கி விக்கிச் சொன்னேன். ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது என்ற இடம் வந்தபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஆனால் தோள் குலுங்கியது சிரிப்பில். சித்தி மறுபடி மேடை ஏற அதற்குப் பிறகும் இரண்டு சீசன் ஆனது. அப்போதுகூட அம்மா இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"வாம்மா, போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"இருடி, போலாம்" என்றாள். "மொதல்ல இருந்து இன்னொரு தடவை சொல்லு."

இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம் உடைந்துகொண்டிருக்கிறது, இவள் உட்கார்ந்து கதை கேட்கிறாள். அம்மா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஃபிரிட்ஜ் வாசலுக்குள் வந்ததிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.